33 இன்ச் டயருக்கு எந்த டிஃப்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் வாகன இலக்கத்தையும் நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106 டபுள் கேப். 2.8 லீட்டர் 3எல் டீசல் எஞ்சின், டர்போ இல்லை, ஐந்து கியர், முன்னுக்கும் பின்னுக்கும் சொலிட் அச்சு. கிழமை நாட்களில் கொழும்புக்குள் வேலைக்குப் போய் வருகிறார். மாதம் ஒருமுறை மாத்தளையில் மாமனாரின் தோட்டம். நீண்ட விடுமுறை வந்தால் நண்பர்களோடு வில்பத்து, ரிவர்ஸ்டன், மீமுரை. முன்பு வாகனத்தில் இருந்தது 205 ஆர்16 டயர். அதைக் கழற்றிவிட்டு, அகல ரிம்மும் வாங்கி, 285/75 ஆர்16 மட் டயர் போட்டார். எல்லோரும் 33 இன்ச் என்று சொல்லும் அளவு.

அன்று தொடங்கியது தொல்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏறிய வாகனம் இப்போது இரண்டாவதைக் கேட்கிறது. ஐந்தாவது கியர் இறக்கத்துக்கு மட்டும்தான் என்றாகிவிட்டது. தோட்டத்துச் சரிவில் ரிவர்ஸ் எடுத்தால் கிளட்ச் மணக்கிறது. லீட்டருக்கு 10 கி.மீ. ஓடியது 8.5ஆக இறங்கிவிட்டது. இதற்கிடையில் அதிவேக நெடுஞ்சாலையில் 110இல் வந்ததாகப் பொலிஸார் தண்டத் தாள் எழுதியிருக்கிறார்கள். "மீட்டர் 100ஐத் தாண்டவேயில்லை, அவர்களுடைய கருவிதான் பிழை" என்கிறார்.

கராஜ்காரர் தன்னிடம் கைவசம் உள்ள 5.29 டிஃபை (டிஃப் என்பது அச்சின் நடுவில் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி; சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அதற்குள் வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்பதுதான் அந்த இலக்கம்) இப்போதைக்குப் பின்னுக்கு மட்டும் போடலாம், காசு சேர்ந்ததும் முன்னுக்குப் பார்க்கலாம் என்றாராம். நண்பர் ஒருவர் டர்போ போடச் சொல்கிறார். மனைவி பழைய டயரையே திரும்பப் போடச் சொல்கிறார். 4.56, 4.88 என்று வேறு இலக்கங்களும் காதில் விழுகின்றன. "5.29 போட்டால் பவர் கூடுமா, பின்னுக்கு மட்டும் போட்டால் பரவாயில்லையா, இதில் எதை எடுப்பது?" என்பது அவர் கேள்வி.

அன்பருக்கு,

மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். ஒன்றை மட்டும் உடனே சொல்லவேண்டும்: பின்னுக்கு மட்டும் டிஃப் மாற்றும் யோசனையைக் கைவிடுங்கள். ஃபோர் வீல் போட்டதும் உங்கள் வாகனத்தில் முன், பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (டிஃபுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டு) இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுழலும். நடுவில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. பின்னுக்கு 5.29, முன்னுக்கு இப்போதுள்ள 4.10 என்றிருந்தால், பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் முன் சக்கரம் 1.29 சுற்றுச் சுற்றப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். கல்லிலும் தாரிலும் விழுங்க இடமில்லை. ட்ரான்ஸ்பர் கேஸ் (முன், பின் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துவிடும் பெட்டி), ஷாஃப்ட் ஜொயின்ட், முன் அச்சின் முனையில் திரும்பும் ஜொயின்ட், இவற்றில் எது பலவீனமோ அது போகும்.

"முன் ஹப்பை ஃப்ரீயில் விட்டு, ஃபோர் வீல் போடாமல் ஓட்டினால்?" என்று கேட்பீர்கள். (ஹப் என்பது முன் சக்கரத்தை அச்சோடு பூட்டவும் விடுவிக்கவும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பூட்டு.) ஓட்டலாம்தான். ஆனால் வில்பத்து மணலில் புதைந்து நிற்கும்போது, ஸ்டியரிங்கில் இருக்கும் நண்பருக்கு உங்கள் டிஃப் கதை ஞாபகம் இருக்காது. இறங்கி இரண்டு ஹப்பையும் லொக் பண்ணிவிடுவார். காசு இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துச் செய்யும் காலம்வரை ஒன்றையும் தொடவேண்டாம்.

உண்மையில் எவ்வளவு போயிருக்கிறது?

205 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 740 மி.மீ. இப்போது போட்டிருக்கும் 285/75 ஆர்16 சுமார் 834 மி.மீ. அதாவது டயர் 12.7 சதவீதம் பெருத்திருக்கிறது. எஞ்சின் அதே எஞ்சின், கியர் அதே கியர். சக்கரம் பெருத்ததால், தரையைத் தள்ளும் விசை எல்லாக் கியரிலும் ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்திருக்கிறது. கடுகண்ணாவையில் நீங்கள் உணர்வது இதைத்தான்.

ஐந்தாவது கியர் ஏன் செத்துப்போனது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பழைய டயரில், 4.10 டிஃபோடு, 80 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,350 சுற்று ஓடும். ஐந்தாவது ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுழலும் கியர், 0.85 அளவு. அதில் சுமார் 2,000. இப்போதைய டயரில் அதே 80இல் ஐந்தாவதில் 1,775தான். டர்போ இல்லாத இந்த எஞ்சினுடைய இழுவை உச்சத்துக்கு வருவது 2,400ஐ ஒட்டி. 1,775இல் வைத்துக்கொண்டு சிறு மேட்டில் ஏறச் சொன்னால் அது எங்கே போகும்?

ஆனால் எல்லா நட்டமும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. டீசல் கணக்கைப் பாருங்கள். உங்கள் வாகனத்தில் மீட்டருக்கு ஓட்டம் போவது ட்ரான்ஸ்பர் கேஸிலிருந்து. டயர் பெருத்த விஷயம் அதற்குத் தெரியாது. நீங்கள் 112.7 கி.மீ. ஓடினால் அது 100 என்றுதான் பதியும். ஆகவே மீட்டரை நம்பிப் போட்ட 8.5 என்ற கணக்கு, நிஜத்தில் 9.6ஐ ஒட்டி வரும். பத்திலிருந்து ஒன்றரை போகவில்லை, அரைக்கும் குறைவாகத்தான் போயிருக்கிறது. மட் டயர் போட்டால் அவ்வளவு போகத்தான் செய்யும். டிஃப் மாற்றினால் டீசல் மிச்சமாகும், அந்தக் காசில் டிஃப் செலவை ஈடுகட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு மிச்சம் வராது.

இன்னொன்று. "நாலு இன்ச் உயரம் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டம் கூடியது 94 மி.மீ. அதில் பாதிதான் அச்சுக்குக் கீழே சேரும். டிஃபின் அடிவயிற்றுக்கும் கல்லுக்கும் இடையில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 47 மி.மீ. இரண்டு இன்ச்சுக்கும் குறைவு. எவ்வளவு செலவழிக்கலாம் என்று யோசிக்கும்போது இந்த இலக்கம் மனதில் இருக்கட்டும்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

உங்கள் டிஃப் 4.10 என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடத்தை நெருங்கும் வாகனம், எத்தனை கை மாறியதோ, யார் எதை மாற்றிப் போட்டார்களோ. எஞ்சின் அறையில் உள்ள தகட்டில் அச்சுக்கான குறியீடு இருக்கும். ஆனால் அது ஜப்பானில் வெளியே வந்த அன்று இருந்ததைத்தான் சொல்லும். இன்று உள்ளே இருப்பதைக் கையால் எண்ணித்தான் அறியவேண்டும்.

சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் இரு பக்கமும் கட்டை வையுங்கள். மற்றப் பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுங்கள். ஹைலக்ஸின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதை விடுவித்தால்தான் சக்கரம் சுற்றும். ஆகவே கட்டை விஷயத்தில் சோம்பல் வேண்டாம். கியர் நியூட்ரலில், ட்ரான்ஸ்பர் டூ வீலில். டயரிலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒருவர் டயரைச் சுற்ற, மற்றவர் கீழே படுத்து ஷாஃப்டை எண்ணவேண்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டயரின் இரண்டு சுற்று, டிஃபின் ஒரு சுற்று. டயரை இருபது சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் 41 சுற்றினால் உங்களுடையது 4.10. 43 வந்தால் 4.30. வெறும் இரண்டு சுற்றோடு நிறுத்தினால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது, அதனால்தான் இருபது. முன் ஹப் இரண்டையும் லொக் பண்ணிவிட்டு, முன் அச்சுக்கும் இதே வேலையைச் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் என்னிடம் கேட்டது வேறு கேள்வியாகிவிடும்.

இலக்கம் கூடினால் என்ன கூடும்?

5.29 போட்டால் பவர் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். எந்த டிஃபும் பவரைக் கூட்டாது. எஞ்சின் கொடுக்கும் குதிரைவலு அதேதான். இலக்கம் கூடக்கூட சக்கரம் மெதுவாகச் சுழலும், இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுழலவேண்டும். டயர் பெருக்கும்போது டயர் எடுத்துக்கொண்டதை இந்த இலக்கத்தால் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

பழைய நிலைக்கு அப்படியே வர எவ்வளவு வேண்டும்? 4.10ஐ 834ஆல் பெருக்கி 740ஆல் வகுத்தால் 4.62 வரும். கடையில் 4.62 கிடையாது. ஹைலக்ஸின் 8 இன்ச் டிஃபுக்குக் கிடைப்பவற்றில் உங்களுக்குப் பொருந்தக்கூடியவை மூன்று: 4.56, 4.88, 5.29.

4.56 போட்டால் பழைய இழுவையில் சுமார் 1.3 சதவீதம் குறைவாக நிற்கும். கணக்குப்படி இதுவே நெருக்கம். ஆனால் கணக்கில் வராத பாரம் ஒன்று இருக்கிறது. மட் டயரும் அகல ரிம்மும் பழையவற்றைவிடப் பாரம் கூட, அந்தப் பாரமும் சக்கரத்தின் ஓரத்தில் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து அதைச் சுழற்றவே எஞ்சின் தனியாக உழைக்கவேண்டும். காலி றோட்டின் சிக்னலுக்குச் சிக்னல் நின்று எடுக்கும் வாகனத்துக்கு இது சின்ன விஷயமில்லை. இவ்வளவு சின்ன எஞ்சினுக்குச் சரியாகச் சமன் செய்யும் இலக்கம் போதாமல்தான் இருக்கும்.

4.88 போட்டால் பழைய இழுவையைவிட ஐந்தரை சதவீதம் கூடும். 80இல் ஐந்தாவதில் 2,100 சுற்று, 100இல் 2,640. ஐந்தாவது கியர் திரும்ப உயிர் பெறும். மீட்டரும் பொலிஸுக்குப் பிடித்த பக்கமாகச் சாயும்: நிஜமாக 95 ஓடும்போது 100 காட்டும். எண்ணிப் பார்த்து 4.10க்குப் பதிலாக 4.30 வந்தாலும் 4.88 தப்பாகாது. 4.30லிருந்து இந்த டயருக்குத் தேவைப்படுவது 4.85, கிட்டத்தட்ட அதேதான்.

5.29? கராஜ்காரர் சொன்னதை முற்றிலும் பிழை என்று சொல்லமாட்டேன். ஐந்தாவதில் 100 கி.மீ.க்கு 2,860 சுற்று, இந்த டீசல் அதைத் தாங்கும். சத்தம் கூடும், முதல் கியர் போட்ட உடனேயே இரண்டாவது கேட்கும். எனக்குத் தயக்கம் பினியனில், அதாவது டிஃபுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தில். 4.10இல் பினியனுக்குப் பத்துப் பல். 4.88இல் எட்டு. 5.29இல் ஏழு. பினியன் சிறுக்கச் சிறுக்க ஒரு நேரத்தில் பாரத்தைப் பிடிக்கும் பற்களும் குறையும். 35 இன்ச் டயர் போட்டுக் கல்லிலும் சேற்றிலும் மட்டும் ஓட்டுபவருக்கு 5.29 அவசியமாகலாம். உங்களுக்கு அவர் அதைச் சொன்னதற்குக் காரணம் உங்கள் டயரல்ல, அவருடைய ராக்கையில் அது சும்மா கிடப்பது. அதுவும் ஒன்றுதான் கிடக்கிறது. நாளைக்கு அதற்குச் சோடி தேடி நீங்கள்தான் அலையவேண்டும்.

டிஃப் தீர்க்காதவை

டிஃப் மாற்றினால் அச்சுக்குப் பாரம் குறையும் என்று நம்புகிறீர்கள். பாதிதான் சரி. டிஃபுக்கு முன்னால் இருப்பவை, அதாவது கிளட்ச், கியர் பெட்டி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், இவற்றின் பாரம் குறையும். தோட்டத்தில் கிளட்ச் மணப்பது நிற்கும். டிஃபுக்குப் பின்னால் இருக்கும் ஹாஃப் ஷாஃப்டும் முன் சக்கர ஜொயின்டும் பெரிய டயரின் இழுப்பை அப்படியே வாங்கும். இழுவை கூடியதால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு, முன் டயர் கல்லில் இறுகி நிற்கும்போது அக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். அந்த ஜொயின்ட் உடைவது பெரும்பாலும் அந்த நிலையில்தான்.

பிரேக்கும் அப்படித்தான். அதே மிதிக்கு டயர் தரையைப் பிடித்து நிறுத்தும் விசை 11 சதவீதம் குறைந்துவிட்டது. எந்த டிஃபும் அதைத் திருப்பித் தராது. கடுகண்ணாவையில் ஏறுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், இறங்குவதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பின் ட்ரம், முன் பேட், பிரேக் ஒயில் மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். இதை டிஃபுக்கு முன்னால் செய்யுங்கள்.

மீமுரைப் பக்கம் கல் ஏறும்போது இன்னும் மெதுவாக ஊரவேண்டும் என்பதுதான் உங்கள் ஆசையென்றால், அதற்கு டிஃப் சரியான இடமில்லை. 4.10லிருந்து 4.88க்குப் போனால் 16 சதவீதம்தான் மெதுவாகும். டொயோட்டாவின் பழைய கியர் ட்ரான்ஸ்பர் கேஸில் லோ, அதாவது மெதுவாக ஊர்வதற்கான கியர், 2.28. அதற்கு 4.70 கியர் செட் வெளிநாட்டில் செய்கிறார்கள், போட்டால் லோவில் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் அது லோவில் மட்டும்தான், கண்டி வீதியில் ஒரு பிரயோசனமும் தராது. உங்கள் கடிதத்தில் முறைப்பாடு முழுவதும் தார் றோட்டைப் பற்றித்தான், ஆகவே இதை விட்டுவிடுகிறேன்.

டர்போ பற்றி நண்பர் சொன்னதையும் விட்டுவிடுங்கள். டர்போ இல்லாமல் பிறந்த, இத்தனை வருடம் ஓடிய எஞ்சினுக்கு அதைப் பூட்டினால் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் வெப்பம் கூடும். டயரால் வந்த பிரச்சினைக்கு எஞ்சினைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

வீட்டில் சொன்னதையும் கேளுங்கள்

மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். அதில் செலவு குறைந்ததும் ஆபத்து இல்லாததும் உங்கள் மனைவி சொன்னது. நீங்கள் அதைச் சிரிப்புக்காக எழுதியது போலத் தெரிகிறது. நான் சிரிக்கவில்லை.

அப்படியே 205க்குத் திரும்பவேண்டும் என்றில்லை. 265/70 ஆர்16 என்று ஒரு அளவு இருக்கிறது, பல ப்ராடோக்களுக்குக் கொம்பனியிலிருந்தே வந்த அளவு. கொழும்பில் தேடி அலையவேண்டியதில்லை. விட்டம் சுமார் 777 மி.மீ., பழையதைவிட ஐந்து சதவீதம் கூட. 4.10இலேயே விட்டுவிடலாம், டிஃபைத் திறக்கவே வேண்டாம். அகல ரிம் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், அதில் உட்காரும். முழு ஸ்டியரிங் வெட்டினால் முன் டயர் உரசுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள், அதுவும் பெரும்பாலும் தீரும். உயரத்தில் இழப்பது 28 மி.மீ. வில்பத்து மணலில் உயரத்தைவிடக் காற்றைக் குறைத்து ஓடுவதுதான் உதவும். மாத்தளைத் தோட்டத்துப் பாதையில் லொறியே போய் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 28 மி.மீ. உங்களைக் காப்பாற்றும் இடம் ரிவர்ஸ்டனுக்கு அப்பால் சில கல்லுப் பாதைகள்தான்.

மட் டயர் இன்னும் புதிதாகவே இருக்கிறது. நல்ல விலைக்கு வாங்க ஆள் கிடைத்தால் நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். கிடைக்காவிட்டால், அல்லது அந்த டயரோடு வாகனம் நிற்கும் தோற்றத்தை விட மனம் வராவிட்டால் (அதுவும் ஒரு காரணம்தான், நான் குறை சொல்லமாட்டேன்), முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே நாளில் 4.88. இந்த இரண்டில் ஒன்று. மூன்றாவதாக ஒரு வழியை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

4.88தான் என்றால்

புதிய கிரவுன்-பினியன் செட் வாங்கி இங்கே பூட்டுவது ஒரு வழி. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டிஃபின் நடுப்பாகத்தை முழுதாக வாங்குவது மற்றது. இந்த அச்சில் நடுப்பாகம் நட்டுகளைக் கழற்றினால் அப்படியே முன்னால் வந்துவிடும் என்பதால் இரண்டாவது வழி லேசு. பினியனின் ஆழமும் பல் இடைவெளியும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கும். நல்ல சோடி கிடைத்தால் நான் இதையே விரும்புவேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய ஹைலக்ஸ் ஒன்றையும் யாரும் கழிக்கவில்லை, எல்லோரும் பாட்ஸ் தேடினார்கள். ஆகவே பஞ்சிகாவத்தையில் முதல் கடையில் சொன்ன விலைக்கே தலையாட்டிவிடாமல் நாலு கடை ஏறி இறங்குங்கள்.

கடைக்காரர் 4.88 என்று சோக்கால் எழுதி வைத்திருப்பதை நம்பவேண்டாம். கிரவுனில் ஒரு பல்லுக்குப் பெயின்ட் பொட்டு வைத்து எண்ணுங்கள்: கிரவுன் 39, பினியன் 8. இரண்டு டிஃபிலும் அப்படியே இருக்கவேண்டும். கிரவுனிலும் பினியனிலும் பொறித்திருக்கும் சோடி இலக்கம் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றின் கிரவுனும் மற்றதன் பினியனும் சேர்ந்தால் ஊளைதான் மிஞ்சும். ஹாஃப் ஷாஃப்ட் நுழையும் இடத்தின் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையில் வரிவரியாக உள்ள பள்ளம்) எண்ணிக்கை உங்களுடையதோடு ஒத்துப்போகவேண்டும். அடியில் மிஞ்சியிருக்கும் ஒயிலை விரலால் வழித்து வெயிலில் பிடியுங்கள். சாம்பல் பசை போல இருந்தால் பயமில்லை. ஊசி ஊசியாக மின்னினால், அல்லது ஒரு பல்லின் முனையிலாவது சிராய் பெயர்ந்திருந்தால், கீழே வைத்துவிட்டு வாருங்கள். பினியனைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தாலும் அப்படித்தான்.

புதிய செட் வாங்கினால் கராஜைத் தெரிவு செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த டொயோட்டா டிஃபுக்குக் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில் இருக்கவேண்டிய இடைவெளி 0.13லிருந்து 0.18 மி.மீ. வரை. கையால் அசைத்து "சரியா இருக்கு" என்று சொல்லும் அளவல்ல அது. டயல் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் கருவி) இல்லாத பாஸிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பற்களில் நிறப்பசை பூசி, சுற்றிப் பார்த்து, பல் படியும் தடத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். தடம் பல்லின் நடுவில் விழவேண்டும். பினியனில் இருக்கும் நசுங்கும் ஸ்லீவைப் புதிதாகப் போடவேண்டும், பழையதைத் திரும்பப் போட்டால் பெயரிங் இறுக்கம் நிற்காது. பெயரிங்கும் சீலும் புதிது.

பூட்டிய பின் நேரே மாத்தளைக்கு விடாதீர்கள். புதிய பல்லாக இருந்தால், முதலில் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி, கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறவிட்டு, திரும்ப ஓட்டுங்கள். இப்படிச் சில தடவை. முதல் 800 கி.மீ. வரை பாரம் ஏற்றாமல், எதையும் இழுக்காமல் ஓட்டிவிட்டு ஒயிலை மாற்றுங்கள். டிஃபுக்கு ஜிஎல்-5 என்று தரம் குறித்த கியர் ஒயில். கியர் பெட்டிக்கு எது என்று கொம்பனிப் புத்தகத்தைப் பார்த்து ஊற்றுங்கள், ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் ஊற்றும் பழக்கம் நம்மூரில் பல சிங்க்ரோக்களை (கியர் பெட்டிக்குள் கியர் மாற்றத்தை லேசாக்கும் வளையங்கள்) தின்றிருக்கிறது.

ஸ்பெயார் சக்கரமும் அதே அளவில் இருக்கவேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய 205 இன்னும் பின்னால் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு பக்கம் போட்டுக்கொண்டு ஃபோர் வீலில் ஓடினால், முதலில் சொன்ன அதே பூட்டு வேறு வடிவில் வரும்.

பதிவுப் புத்தகமும் தண்டத் தாளும்

டிஃப் இலக்கம் வெளியே தெரியாது. டயர் தெரியும். உங்கள் சி.ஆர். புத்தகத்தில் டயர் அளவுக்கென்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து மேலதிகப் பூட்டல்கள் உள்ள வாகனங்களைப் பொலிஸார் நிறுத்திப் பார்ப்பது கூடியிருக்கிறது. மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டிருந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இந்த மாற்றத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று நேரில் விசாரியுங்கள், தரகரிடம் விசாரிக்காதீர்கள். காப்புறுதிக் கொம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் தரும் பதிலைக் கோப்பில் வையுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் வந்து டயரைப் பார்த்துக் குறிப்பெடுக்கும்போது அந்தக் கடிதம் கையில் இருக்கவேண்டும்.

தண்டத் தாள் விஷயம். பொலிஸாரின் கருவியை எதிர்த்து நீதிமன்றம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மேலே போட்ட கணக்குப்படி, மீட்டர் 100 காட்டும்போது உங்கள் வாகனம் 113ஐ எட்டியிருக்கலாம். கொம்பனி மீட்டர்கள் சாதாரணமாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதைக் கழித்தால் அவர்கள் எழுதிய 110 சரியாக வந்து நிற்கிறது. பதினான்கு நாள் கடக்குமுன் தபால் நிலையத்தில் கட்டிவிடுங்கள். டயரையோ டிஃபையோ மாற்றும்வரை, அந்தப் பாதையில் மீட்டர் 85ஐத் தாண்டவேண்டாம். நிஜத்தில் அது 95ஐ ஒட்டிய வேகம்.